காற்றே மெல்ல வீசு: ஒரு வரிக்கு எத்தனை விசை?

எங்கள் பாடகர் குழுவுக்காக நண்பர் ஒருவர் ஒரு தாலாட்டுக்கு மெட்டமைத்தார். நான்கு குரல்கள், மூன்று சரணங்கள், இரண்டு பக்கங்கள். ஸ்டாஃப் நொட்டேஷனில், அதாவது ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பில், பென்சிலால் எழுதியிருந்த தாள்களை என்னிடம் நீட்டி, "இதைக் கணினியில் ஏற்றிக் கொடுங்கள், ஒரு மணி நேர வேலைதான்" என்றார். ஒரு மாலை முழுவதும் போய், மறுநாள் மாலையிலும் பாதி போனது. சுரங்களை ஏற்றுவதில் பெரிய தாமதம் ஏதும் இல்லை. அவற்றின் கீழே தமிழ்ச் சொற்களை உட்கார வைப்பதில்தான் நேரம் கரைந்தது. வேலை முடிந்த பிறகும் மனம் ஆறாமல், அந்த ஒன்றரை மாலை எங்கே போயிற்று என்று விசை விசையாக எண்ணிப் பார்த்தேன்.

எண்ணுவதற்கு எடுத்துக்கொண்டது பல்லவியின் முதல் வரி: "காற்றே மெல்ல வீசு என் கண்மணி தூங்கட்டும்". ஆறு சொற்கள். பாடும்போது பதின்மூன்று துண்டுகள், எனவே பதின்மூன்று சுரங்கள்.

முதல் மாலை

நான் பயன்படுத்தியது மியூஸ்ஸ்கோர் என்ற இசை எழுதும் நிரல். வெர்னர் ஷ்வியர் என்பவர் 2002இல் தொடங்கியது, இலவசம், திறமூலம். அதில் சுரம் ஏற்ற மவுஸ் அநேகமாகத் தேவையே இல்லை. ஆங்கில 'என்' விசையைத் தட்டினால் சுரம் ஏற்றும் நிலை வந்துவிடும். எண் விசை சுரத்தின் கால அளவைச் சொல்லும், ஏ முதல் ஜி வரையிலான எழுத்துகள் சுரத்தைச் சொல்லும். 5 என்றால் கால் சுரம், 4 என்றால் அதில் பாதி. ஒருமுறை அளவைச் சொல்லிவிட்டால் மாற்றும்வரை அதுவே தொடரும். கை பழகிவிட்டால் பென்சிலைவிட வேகம்.

(இந்த எண்கள் நிரலுக்கு நிரல் மாறுவது ஒரு தனிக் கொடுமை. கால் சுரத்துக்கு மியூஸ்ஸ்கோரில் 5, டோரிகோவில் 6, சிபெலியஸின் எண்பலகையில் 4. ஒன்றில் பழகிய விரல் மற்றொன்றில் பாட்டை இரட்டை வேகத்திலோ பாதி வேகத்திலோ எழுதி வைக்கும்.)

சொற்களுக்கு வேறு வழி. ஒரு சுரத்தைத் தேர்ந்து கன்ட்ரோலோடு எல்-ஐத் தட்டினால் அதன் கீழே துடிகுறி வரும். ஒரு துண்டை எழுதி ஹைஃபன் தட்டினால், சொல் இன்னும் முடியவில்லை என்று புரிந்துகொண்டு துடிகுறி அடுத்த சுரத்துக்குத் தாவும். ஸ்பேஸ் தட்டினால், சொல் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு தாவும். ஒரே துண்டு பல சுரங்களில் நீண்டால் அண்டர்ஸ்கோர். அடுத்த சரணத்துக்கு என்டர். சிபெலியஸ், டோரிகோ, ஃபினாலே ஆகியவற்றிலும் ஹைஃபனுக்கும் ஸ்பேஸுக்கும் ஏறத்தாழ இதே பொருள்தான். நல்ல ஏற்பாடு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை என் பக்கம் இருந்தது. நான் பார் பாராக, அதாவது தாளக் கட்டம் கட்டமாக, வேலை செய்தேன். ஒரு பாரின் சுரங்களை ஏற்றுவது, உடனே அதன் சொற்களை எழுதுவது, அடுத்த பாருக்குப் போவது. தாளில் கையால் எழுதும்போது அப்படித்தானே எழுதுவோம்! ஆனால் கணினியில் சுரத்துக்கு ஆங்கில விசைப்பலகை வேண்டும், சொல்லுக்குத் தமிழ் விசைப்பலகை வேண்டும். ஒவ்வொரு பாரிலும் இரண்டு முறை மொழியை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றுவது ஒரு நொடி வேலை; மறந்துவிட்டு எழுதியதைத் துடைத்து மறுபடி எழுதுவது அப்படியல்ல. "காற்" வர வேண்டிய இடத்தில் எச், கியூ, யூ, எஃப் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்பதை அன்று மாலை எத்தனை முறை பார்த்தேன் என்று எண்ணவில்லை. எண்ணியிருந்தால் வருத்தம் கூடியிருக்கும்.

தமிழ் 99 காலை வாரிய இடம்

என் விரல்களுக்குப் பழகியது தமிழ் 99. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற விசைப்பலகை அமைப்பு. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. அதன் அழகு, புள்ளியை அதுவே வைத்துக்கொள்வதில் இருக்கிறது. ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ங-வை அடுத்துக் க, ண-வை அடுத்து ட, ந-வை அடுத்துத் த என்று மெல்லினமும் அதன் இன வல்லினமும் சேர்ந்து வந்தாலும் அப்படியே. தமிழில் இரட்டிப்பும் இன எழுத்தும் எவ்வளவு மலிந்து கிடக்கின்றன என்பதை அறிந்த யாரோ யோசித்துச் செய்த வேலை.

நம் வரியை இடைவெளிகளை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் எண்ணினால், தமிழ் 99இல் 31 தட்டல்கள். இன்ஸ்கிரிப்ட் என்ற மற்றொரு விசைப்பலகை அமைப்பில், ஷிஃப்ட் அழுத்துவதைக் கணக்கில் சேர்க்காமல், 35. ஆங்கில எழுத்தில் ஒலியை எழுதித் தமிழாக்கும் முறையில் நான் எண்ணியபோது 38. முறைக்கு முறை இது சற்று மாறும்.

நான்கு தட்டல்கள் மிச்சம் என்று மகிழ்ந்தேன். பிறகுதான் கவனித்தேன், சுரங்களின் கீழே எழுதும்போது அந்த மிச்சம் கிடைக்கவே இல்லை. காரணம் எளிது. "காற்றே" என்பதை ஒரே மூச்சில் எழுதினால் ற-வை இருமுறை தட்டினாலே போதும், புள்ளி வந்துவிடும். ஆனால் பாட்டில் அது "காற்-றே". முதல் ற-வுக்கும் இரண்டாவது ற-வுக்கும் நடுவே ஹைஃபன் வந்து, துடிகுறி வேறொரு சுரத்துக்குப் போய்விடுகிறது. விசைப்பலகைக்கு இரண்டும் அடுத்தடுத்த எழுத்துகளாகத் தெரிவதில்லை. புள்ளியை நாமே வைக்க வேண்டும். "மெல்-ல" அப்படி, "தூங்-கட்-டும்" இரண்டு இடங்களில் அப்படி. கூட்டிப் பார்த்தால் நான்கு. 31 மறுபடி 35 ஆகிவிட்டது. அதாவது தமிழ் 99 எந்த இடத்தில் நமக்கு உதவுகிறதோ, சரியாக அந்த இடத்தில்தான் பாட்டு சொல்லை வெட்டுகிறது. இரட்டிப்பின் நடுவில், இன எழுத்தின் நடுவில். தற்செயல் அல்ல இது. இரண்டுமே தமிழின் ஒலியமைப்பை ஒட்டி நடப்பதால் வந்த மோதல்.

அதோடு துண்டுகளுக்கு இடையே ஏழு ஹைஃபன், ஐந்து ஸ்பேஸ். ஆக ஒரு குரலுக்கு, ஒரு வரிக்கு, நேரடியாக எழுதினால் 47 தட்டல்கள்.

லீலண்ட் ஸ்மித்தின் பழைய யோசனை

இங்கே ஒரு பழைய நிரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக இருந்த லீலண்ட் ஸ்மித் உருவாக்கிய ஸ்கோர். இசைப் பதிப்பகங்கள் நெடுங்காலம் நம்பியிருந்த நிரல் அது. அதில் ஒரு வரி இசையைத் தட்டெழுத்தால் ஐந்து சுற்றுகளில் ஏற்ற வேண்டும். முதல் சுற்றில் சுரங்களின் பெயர்கள் மட்டும். அடுத்த சுற்றில் அவற்றின் கால அளவுகள் மட்டும். பிறகு அழுத்தக் குறிகள் முதலியன, பிறகு சுரங்களை இணைக்கும் கட்டைகள், கடைசியாக வளைகோடுகள். கேட்டவுடன் தலை சுற்றும். ஒரே சுரத்தை ஐந்து முறை நினைக்க வேண்டுமா?

ஆனால் ஒரு சுற்றில் மனம் ஒரே வகையான செய்தியை மட்டும் கையாளுகிறது. கை ஒரே வகையான விசைகளைத் தேடுகிறது. தாளில் கண் ஒரே அடுக்கைப் படிக்கிறது. பார் பாராக நான் மாறி மாறிச் செய்ததற்கு நேர் எதிர். மியூஸ்ஸ்கோரின் 3.6 பதிப்பு 2021இல் வந்தபோது அதன் புதிய இசை எழுத்துருவுக்கு லீலண்ட் என்றே பெயர் வைத்தார்கள், இவர் நினைவாக. அந்த எழுத்துருவில்தான் நான் அந்த மாலை முழுவதும் வேலை செய்துகொண்டிருந்தேன். அவருடைய முறை மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் மாலையில் மீதமிருந்த சரணங்களை வேறு விதமாகச் செய்தேன். நான்கு குரல்களின் சுரங்களையும் ஆங்கில விசைப்பலகையிலேயே முடித்தேன். பிறகு நிரலை விட்டு வெளியே வந்து, வெறும் உரைக்கோப்பு ஒன்றில் பாட்டை வரி வரியாகத் தமிழ் 99இல் எழுதினேன். அங்கே சொல் வெட்டப்படுவதில்லை, எனவே புள்ளி தானாக விழுந்தது. 31 எழுத்துத் தட்டல்கள், 5 இடைவெளிகள், மொத்தம் 36.

மொழி மாற்றம் மொத்தத்துக்கும் ஒரே ஒருமுறை.

ஹைஃபன் வைப்பது யார்?

உரைக்கோப்பில் உள்ள பாட்டைத் துண்டு துண்டாக்க வேண்டும். மியூஸ்ஸ்கோரில் ஒரு வசதி உண்டு: ஹைஃபனும் இடைவெளியும் இட்ட உரையை நகலெடுத்து, முதல் சுரத்தில் கன்ட்ரோலோடு எல் தட்டி, பிறகு கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு வி-யைத் தட்டத் தட்ட, ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு துண்டு விழுந்து துடிகுறி நகரும். ஆனால் ஹைஃபன்களை முதலில் யாராவது வைத்தாக வேண்டும்.

ஆங்கிலப் பாட்டு என்றால் இதுவே தலைவலி. ஒரு ஆங்கிலச் சொல் எங்கே உடையும் என்பதை எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அகராதி வேண்டும், அல்லது ஃபிராங்க் லியாங் 1983இல் தம் ஆய்வேட்டில் டெக் என்ற அச்சுக்கோப்பு நிரலுக்காக வகுத்ததைப் போன்ற ஆயிரக்கணக்கான எழுத்துக் கோலங்கள் வேண்டும். தமிழுக்கு ஒரு வாக்கியம் போதும்: புள்ளி இல்லாத எழுத்து ஒன்று சொல்லின் நடுவில் வந்தால் அதற்கு முன்னால் ஒரு ஹைஃபன். புள்ளி எழுத்து எப்போதும் முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். கண்-ம-ணி. வாழ்க்-கை. பார்த்-து. ஒற்று இரண்டு சேர்ந்து வந்தாலும் விதி கலங்கவில்லை. யூனிகோடில் புள்ளி தனிக் குறியாக இருப்பதால், பைத்தான் நிரல்மொழியில் நாலைந்து வரிகளில் இதை எழுதிவிட்டேன்.

யாப்பு படித்த ஒருவர் இதைப் பார்த்து, "அசை பிரிப்பு தவறு, கண்மணி என்பது நேர் நிரை, கண்-மணி என்றல்லவா வர வேண்டும்" என்றார். யாப்பில் அவர் சொன்னது சரி. குறில் இரண்டு இணைந்தால் நிரை. ஆனால் மெட்டுக்கு நிரை தெரியாது. ம-வுக்கு ஒரு சுரம், ணி-க்கு ஒரு சுரம் என்று நண்பர் எழுதியிருக்கிறார். இந்தத் துண்டுகளை அசை என்று சொல்வதையே அன்றிலிருந்து விட்டுவிட்டேன், குழப்பம்.

விதி சறுக்கும் இடங்களும் உண்டு. "ஸ்ரீ" என்பதை ஸ்-ரீ என்று உடைத்து, பாடவே முடியாத ஒற்றை ஸ்-க்கு ஒரு சுரத்தை ஒதுக்கியது. ஸ்வாமி, ப்ரியம் போன்ற சொற்களும் அப்படி. சொல்லின் தொடக்கத்தில் வரும் புள்ளி எழுத்து பின்னால் வருவதோடு ஒட்ட வேண்டும் என்று ஒரு கிளை சேர்த்தேன். "காஃபி" என்பதைக் காஃ-பி என்று வெட்டுகிறது, ஒலிப்படி அது கா-ஃபி. தாலாட்டில் காஃபிக்கு வேலை இல்லை என்பதால் அதைத் திருத்தவில்லை.

பழைய பாட்டுக் கோப்புகளுக்கு இந்த விதி உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய பாடல்கள் பாடகர் குழுக்களிடம் இன்னும் குவிந்திருக்கின்றன. அவற்றில் கொம்பு மெய்க்கு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும், பார்வைக்கு எப்படித் தெரிகிறதோ அப்படி. முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

கணக்கு

புதிய வழியில் ஒரு குரலுக்கு: உரைக்கோப்பில் 36, ஒட்டுவதற்கு 13. மொத்தம் 49.

பழைய வழியில் 47.

ஆம், இரண்டு கூடுதல். இதைக் கண்டபோது சிரிப்பு வந்தது. இத்தனை யோசனைக்கும் பிறகு ஒற்றைக் குரல் பாட்டுக்கு, தட்டல் எண்ணிக்கையில், நேரடியாக எழுதுவதே மேல். தனிப்பாடகர் ஒருவருக்கு ஒரு பக்கம் எழுதித் தருபவரிடம் பைத்தான் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

குரல்கள் பெருகும்போது கணக்கு புரள்கிறது. எங்கள் தாலாட்டில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர் மூன்றும் முழு வரியையும் பாடுகின்றன. பேஸ் மட்டும் "ஆராரோ" என்று இழுத்துக்கொண்டிருக்கிறது. மூன்று குரல்களுக்கும் நேரடியாக எழுதினால் 141. புதிய வழியில் 36-ஓடு 39 சேர்ந்து 75. ஆல்டோவின் தாளம் சோப்ரானோவின் தாளமே என்பதால் அங்கே ஒட்டக்கூடத் தேவைப்படவில்லை. சோப்ரானோவின் சொற்களை மட்டும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, ஆல்டோவின் முதல் சுரத்தில் ஒட்டினால் எல்லாம் தத்தம் இடத்தில் விழுந்தன. டெனர் அரை பார் தள்ளி வேறு தாளத்தில் நுழைவதால் அதற்கு மட்டும் துண்டு துண்டாக ஒட்டினேன். ஒரு துண்டு பல சுரங்களில் நீளும் இடங்களில் வி-யை நிறுத்திக் கையால் நகர்த்த வேண்டும். மறந்தால் அதன் பிறகு வரும் சொற்கள் எல்லாம் ஒரு சுரம் முன்னால் போய் நிற்கும். இந்தத் தவறு இரண்டு முறை நடந்தது.

தட்டல்களின் கணக்கில் அடங்காத ஒன்று, பிழை பார்ப்பது. சுரங்களின் கீழே துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும் "தூங் கட் டும்" என்பதில் ஒற்றுப்பிழை கண்ணில் படாது. உரைக்கோப்பில் பாட்டு பாட்டாக இருக்கிறது, கவிதையைப் படிப்பது போலப் படித்துப் பார்க்கலாம். முதல் மாலையில் ஏற்றிய சரணத்தில் "மெல" என்று ஒற்றில்லாமல் ஆல்டோவில் ஓர் இடம் இருந்ததை, அச்செடுத்த பிறகு ஒரு சிறுமி கண்டுபிடித்தாள்.

எழுத்துரு விஷயமும் சில நிமிடங்களைத் தின்றது. மியூஸ்ஸ்கோரின் பாணி அமைப்பில் பாடல் வரிகளுக்கு ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று இரண்டு தனித்தனிப் பாணிகள் இருக்கின்றன. ஒன்றுக்கு மட்டும் தமிழ் எழுத்துருவைக் கொடுத்தால் முதல் சரணம் ஒரு முகத்தோடும் இரண்டாம் சரணம் வேறொரு முகத்தோடும் வரும். இரண்டுக்கும் கொடுக்க வேண்டும்.

லிலிபாண்டில் ஓர் இரவு

சொல்லைத் தனிக் கோப்பாக்கிவிட்ட பிறகு, முழு இசையையும் அப்படியே உரையாக எழுதினால் என்ன என்ற ஆசை வந்தது. லிலிபாண்ட் அதற்கானது. ஹான்-வென் நீன்ஹவுஸ், யான் நியூவன்ஹவுசன் என்ற இரு டச்சுக்காரர்கள் 1996இல் தொடங்கிய நிரல். அதில் மவுஸுக்கு வேலையே இல்லை. சுரத்தின் பெயருக்குப் பின் 4 என்று எழுதினால் கால் சுரம், 8 என்றால் அதில் பாதி. நிரலை ஓட்டினால் அச்சுக்கு ஏற்ற பக்கம் வரும்.

சொற்களைப் பொறுத்தவரை இங்கே இரண்டு சுகங்கள். ஒன்று, வளைகோடு போட்டு இணைத்த சுரங்களைச் சொல் தானாகவே தாண்டிக்கொள்கிறது. இசையில் வளைகோடு இருந்தால் அந்தத் துண்டு நீள்கிறது என்று நிரலே புரிந்துகொள்கிறது. டெனரின் நீளும் இடங்களில் எனக்கு நேர்ந்த தவறு இங்கே நேர வழியே இல்லை. மற்றொன்று, பாட்டின் சொற்களுக்கு ஒரு பெயர் வைத்து ஒருமுறை எழுதினால் எத்தனை குரல்களுக்கும் அதே பெயரைக் கொடுத்துவிடலாம். ஒட்டுவதற்கான 13 தட்டல்களும் இல்லை. துண்டுகளுக்கு நடுவே ஒற்றை ஹைஃபனுக்குப் பதில் இருபுறமும் இடைவெளி விட்ட இரட்டை ஹைஃபன் வேண்டும். என் நாலு வரி நிரலில் அதை மாற்றுவது ஒரு நொடி.

ஆனாலும் தாலாட்டை மியூஸ்ஸ்கோரிலேயே வைத்துக்கொண்டேன். குழுவை நடத்தும் அக்கா, ஒத்திகையில் மடிக்கணினியைத் திறந்து, ஒரு சுரத்தைப் பிடித்து மேலே இழுத்து, உடனே ஒலிக்கவிட்டுக் கேட்பவர். அவரிடம் உரைக்கோப்பை நீட்டினால் அடுத்த ஒத்திகைக்கு வேறு ஆளைத் தேடிவிடுவார். கோப்பைத் திருத்தப் போகிறவருடைய பழக்கம் எனக்கு விசைக் கணக்கைவிடப் பெரிதாகப் பட்டது.

ஒத்திகையில் இரண்டு மாற்றங்கள் வந்தன. "தூங்கட்டும்" என்பது "உறங்கட்டும்" ஆயிற்று, பாட்டில் வேறொரு சரணம் அந்தச் சொல்லோடு எதுகை கேட்டதால். தூங்-கட்-டும் மூன்று துண்டுகள், உ-றங்-கட்-டும் நான்கு. நண்பர் ஒரு கால் சுரத்தை இரண்டாக உடைத்துக் கொடுத்தார். உரைக்கோப்பில் சொல்லை மாற்றி, வெட்டி, அந்த வரியை மட்டும் மறுபடி ஒட்டினேன். மூன்று குரல்களுக்கும் சேர்த்துத் தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது.

இரண்டாவது மாற்றம் டெனருக்கு. அவர்களுக்கு மூச்சு போதவில்லை என்று ஒரு சுரத்தை நீக்கினார்கள். சொல்லை நீக்க முடியாது, எனவே "வீசு என்" என்பதைப் புணர்த்தி "வீசென்" என்று பாடச் செய்தோம். மூன்று துண்டுகள் இரண்டாகிவிட்டன. என் நிரலுக்குப் புணர்ச்சி தெரியாது, எங்கே மூச்சு முட்டும் என்பதும் தெரியாது. டெனருக்கு என்று தனியாக ஒரு கோப்பை நகலெடுத்து, அந்த ஓர் இடத்தைக் கையால் திருத்தினேன். இப்போது சோப்ரானோவின் தாளில் "வீ-சு என்", டெனரின் தாளில் "வீ-சென்". அச்செடுத்துக் கொடுத்த அன்று அக்கா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, சிவப்புப் பேனாவை எடுத்தபடியே கேட்டார்: "இதில் எது எழுத்துப்பிழை?"